உகந்தையில் அம்மாவுக்குக் கோயில், எனக்கு அலை: எந்த மாதத்தில் செல்வது?

கேள்வி: கோவளத்து மாணவன்

அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் இரண்டு ஆண்டுகளாக அலைச்சறுக்கு பயின்று வருகிறேன். பலகையில் தடுமாறாமல் எழுந்து நிற்பேன். இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு உயர்ந்துவரும் அலையில் பக்கவாட்டில் திரும்பிச் சிறிது தூரம் செல்வேன். அதற்குமேல் பெருமை பேச என்னிடம் ஒன்றுமில்லை. வாரக்கடைசிகளில் ஓர் அலைக்கு ஆறு பேர் பாய்வதைப் பார்த்துப் பார்த்து, ஒருமுறையாவது கூட்டமில்லாத ஒரு கரையில் யாரோடும் முட்டிக்கொள்ளாமல் காலை முழுவதும் கடலில் கிடக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பையைப் பற்றி விசாரித்தபோது, அங்கும் பருவ காலத்தில் கூட்டம் நெரிகிறது என்றே பலரும் சொன்னார்கள். அங்கிருந்து தெற்கே வரைபடத்தில் விரலை நகர்த்திக்கொண்டே போனால் பாணமை வருகிறது. அதற்கும் தெற்கே, காட்டின் விளிம்பில், வெளிநாட்டவர் ஒகந்த என்று குறிப்பிடும் ஓர் இடம் வருகிறது. அது எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் உகந்தைதான் என்று தெரிந்ததும் எனக்கு வியப்பு தாங்கவில்லை. 1990-களில் எங்கள் தெருவில் குடியிருந்த மட்டக்களப்பு அம்மையார் ஒருவர், முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய கடற்கரை என்று அந்த இடத்தைப் பற்றி என் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி, அங்கே ஒருமுறை போய்வர வேண்டும் என்ற எண்ணத்தை ஊன்றிவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்கு இப்போது 67 வயது. நன்றாக நடப்பார், ஆனால் நீண்ட நேரம் வெயிலில் நிற்க முடியாது.

எனவே அம்மா, என் மனைவி, நான் ஆகிய மூவரும் பத்து நாள் பயணமாகச் செல்ல எண்ணியிருக்கிறோம். எனக்கு விடுப்பு கிடைக்கக்கூடிய காலம் இரண்டு: ஒன்று ஜூலை, மற்றொன்று செப்டம்பர் நடுப்பகுதி. ஜூலையில் போனால் அங்கே திருவிழாவும் இருக்கக்கூடும் என்று அம்மா ஆவலாக இருக்கிறார். என் அளவு பழக்கம் உள்ளவருக்கு உகந்தையின் அலை ஏற்றதுதானா, அருகிலேயே தங்க இடம் உண்டா, நான் கடலில் இருக்கும் நேரத்தில் இவர்கள் இருவரும் எங்கே அமர்ந்திருப்பார்கள் என்பவற்றை நேரில் சென்று வந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: திசைகாட்டி, புதுச்சேரி

அந்தக் கரைக்கு நான் இருமுறை சென்றிருக்கிறேன். ஒருமுறை ஆகஸ்டில், மற்றொருமுறை செப்டம்பர் இறுதியில். இரண்டும் ஒரே கடற்கரைதானா என்று கேட்கும் அளவுக்கு வேறுபாடு இருந்தது. ஆகவே செப்டம்பர் என்பதே என் நேரடியான விடை. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன்னால், அங்கே வரும் அலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோவளத்தில் பழகிய அலையை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே இறங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

நம் கரையில் பெரும்பாலான நாட்களில் அடிப்பது, வங்கக் கடலிலேயே வீசும் காற்று கிளப்பிவிடும் அலை. ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாக வந்து விழும். அறுகம்பைப் பக்கத்துக்கு ஏப்ரல் இறுதியிலிருந்து அக்டோபர் வரை வருவதோ, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அங்கத்திய குளிர்காலத்தில் எழும் புயல்கள் அனுப்பும் அலை. அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருவதால் ஒழுங்குபட்டு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 12 முதல் 15 நொடி வரை இடைவெளி விட்டு வந்து சேரும். இந்த இடைவெளி நீள நீள, ஒரே உயரமுள்ள அலைக்குள் அடங்கியிருக்கும் வலு கூடுகிறது. கோவளத்தில் நெஞ்சளவு அலை உங்களைத் தள்ளும். அங்கே அதே நெஞ்சளவு அலை உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். மேலும் அவை தொகுதி தொகுதியாக வருபவை. பத்து நிமிடம் கடல் குளம்போலக் கிடக்கும். அதை நம்பி நீங்கள் துடுப்பிட்டு உள்ளே போகும்போது நான்கைந்து பெரிய அலைகள் வரிசையாக எழும். ஆகவே எந்த இடத்தில் இறங்குவதானாலும் கரையில் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இந்தக் கரையோரம் முழுவதும் பாறை முனைகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. தெற்கிலிருந்து வரும் அலை முனையைச் சுற்றி வளைந்து, வடக்கே உள்ள குடாவை நோக்கி உரித்துக்கொண்டே போகும். கரையைப் பார்த்துச் சறுக்குபவருக்கு அது வலப்பக்கம். இடக்காலை முன்னே வைத்து நிற்பவராக நீங்கள் இருந்தால் அலையை முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே போகலாம். வலக்காலை முன்னே வைப்பவராக இருந்தால் அலை முதுகுக்குப் பின்னால் இருக்கும், பழகச் சில நாட்கள் பிடிக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். அலை முடியும் இடத்திலிருந்து நீந்தித் திரும்பாதீர்கள். நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டே இருக்கும். கரையேறி, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முனைவரை நடந்து மறுபடி இறங்குவதே அங்கே வழக்கம்.

இடங்களைப் பொறுத்தவரை, அறுகம்பையின் மெயின் பாயின்டை மறந்துவிடுங்கள். அடியில் பாறையும் பவளமும் உண்டு, உட்பகுதியில் ஆழம் குறைவு, கடல் முள்ளெலிகள் காலைப் பதம்பார்க்கும்; ஜூலை, ஆகஸ்டில் உலகெங்கிலுமிருந்து வந்த தேர்ந்தவர்கள் விடியலிலேயே வரிசை கட்டி நிற்பார்கள். 2019 செப்டம்பரில் உலக அலைச்சறுக்குச் சங்கத்தின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்த இடம் அது. நாம் அங்கே போய் யாருக்கு என்ன நிரூபிக்கப்போகிறோம்? வடக்கே உள்ள விஸ்கி பாயின்டும் தெற்கே உள்ள பீனட் ஃபார்மின் உட்பகுதியும் உங்கள் அளவுக்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் விஸ்கி பாயின்டில் அமைதியைத் தேடுவது பாரிமுனையில் அமைதியைத் தேடுவதற்கு ஒப்பாகும். பொத்துவில் பாயின்டில் மணல்மேடுகளும் உருண்டைப் பாறைகளும் சூழ்ந்த, நீண்ட அழகான ஓட்டம் கிடைக்கும். அலை போதுமான அளவு பெரிதாக வந்தால்தான் அது விழித்துக்கொள்ளும்.

உகந்தையில் அலை நல்ல அலை. மணலும் பாறையும் கலந்த அடிப்பகுதி. முனைக்கு அருகில் உடையும் பகுதி வேகமானது, உள்ளே வரவர மென்மையாகும். முனையை விட்டுத் தள்ளி, உட்பகுதியில் மட்டும் நின்றால் உங்களால் சமாளிக்க முடியும் என்பது என் கருத்து. கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் அந்தப் பக்கத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது, அங்கே உங்களைக் காப்பாற்ற யாரும் இல்லை என்பதைப் பற்றித்தான். உயிர்காக்கும் காவலர் கிடையாது, கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது, ஓரளவு பெரிய மருத்துவமனை பொத்துவிலில்தான் இருக்கிறது. நான் செப்டம்பரில் சென்றபோது காலை ஒன்பது மணிவரை கடலில் மூன்று பேர் மட்டுமே இருந்தோம். ஒருவருக்கொருவர் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, ஆனால் மூவரும் மற்ற இருவரின் தலை நீருக்கு மேலே தெரிகிறதா என்று எண்ணிக்கொண்டே இருந்தோம். ஆகஸ்டில் சென்றபோதோ ஒன்பது மணிக்குமேல் முச்சக்கரவண்டிகள் கூரையில் பலகைகளோடு வரிசையாக வந்து இறங்கின.

மறுமொழி 2: மட்டுநகர் மங்கை

தம்பி, உங்கள் அம்மாவிடம் அந்தக் கதையைச் சொன்ன எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். திசைகாட்டி அண்ணா அலையைப் பற்றி எழுதிவிட்டார். நான் கோயிலைப் பற்றியும், அம்மாவைப் பற்றியும் எழுதுகிறேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

வெளிநாட்டவருக்கு அது கிழக்குக் கரையின் கடைசி அலை முனை. எங்களுக்கு அது கதிர்காமப் பாதயாத்திரையில் காட்டுக்குள் நுழைவதற்கு முந்திய கடைசித் தங்குமிடம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று கரையோரமாகவே நடந்து உகந்தைக்கு வந்து சேர்வார்கள். அதற்கப்பால் குமண, யால காடுகள். ஆடிவேல் விழாவையொட்டிச் சுமார் இரண்டு வார காலத்துக்கு மட்டும் காட்டுப்பாதை திறந்துவிடப்படும். அதன் வழியாக ஐந்தாறு நாட்கள் நடந்து கதிர்காமத்தை அடைவார்கள். நான் இருமுறை நடந்திருக்கிறேன். விழாவின் தேதி சந்திரனைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஆண்டு மாறி, ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆகவே "ஜூலையில் திருவிழா" என்று எண்ணிச் சீட்டு எடுத்துவிடாமல் அந்த ஆண்டின் கொடியேற்ற நாளையும் காட்டுப்பாதை திறக்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் உகந்தையில் அமைதி என்பது மருந்துக்கும் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆயிரக்கணக்கானவர்கள் மரநிழல்களில் கூடாரம் அடித்தும் துணி விரித்தும் தங்கியிருப்பார்கள்; அன்னதானப் பந்தல்களில் அடுப்பு அணையாது; இரவு முழுவதும் அரோகரா ஓசையும் பஜனையும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பலகையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கடலுக்குப் போனால் உங்களை யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும். அதே சமயம் உங்கள் அம்மாவின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டம் இருக்கும் நாட்களில்தான் அங்கே சோறு உண்டு, தண்ணீர் உண்டு, முதலுதவிக்கு ஆள் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச நான்கு பெண்கள் உண்டு. சாதாரண நாளில் போனால் குரங்குகளும் காற்றும் மட்டுமே துணை. வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் அமைதி என்பதை ஓர் இலவசப் பொருளாக எண்ணிக்கொள்ளக் கூடாது. அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பரிலேயே போவதானால், மூன்று வேளைக்கும் உரிய உணவும் போதிய குடிநீரும் கையோடு கொண்டு செல்லுங்கள். உகந்தையில் கடையை நம்பிப் போகவே கூடாது. மச்சம், மாமிசம், மது எதையும் அந்த எல்லைக்குள் கொண்டுவருவதில்லை என்பது எங்கள் வழக்கம். விடுதிக்காரர் அன்போடு கட்டிக்கொடுக்கும் பொதியில் மீன் குழம்பு இருக்கக்கூடும், முன்னதாகவே சொல்லிவையுங்கள். முருகன் கோயில் மலையடிவாரத்தில் இருக்கிறது. பின்னால் உள்ள பாறைக் குன்றின்மேல் வள்ளி அம்மன் கோயில். அங்கே பாறைக்குழிகளில் தேங்கிய சுனைகள் உண்டு. குன்றின் உச்சியிலிருந்து ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் முடிவில்லாத காட்டையும் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் அம்மா ஏறி இறங்கிவிடட்டும். காலில் செருப்பில்லாமல் பத்து மணிக்குமேல் அந்தப் பாறையில் நிற்க எங்களாலேயே முடியாது. கல்லோடம் என்று காட்டப்படும் பாறை கடற்கரையில்தான் இருக்கிறது. பூசை நேரங்களைப் பாணமையில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

நீங்கள் கடலிலிருந்து எழுந்து ஈரக் காற்சட்டையோடு நேரே கோயில் முன்றிலுக்கு வந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைக்கலாம். ஆனால் அப்படி வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

கோவளத்து மாணவன்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு மறுமொழிகளையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "கூட்டமில்லாத நாளில் முருகனைப் பார்த்தால் அவரும் நம்மோடு நிதானமாகப் பேசுவார்" என்று சொல்லிவிட்டார். ஆகவே செப்டம்பர் என்பது ஏறத்தாழ முடிவாகிவிட்டது. இனி எனக்கு உள்ள அச்சம் காட்டைப் பற்றியது. யானை, முதலை என்றெல்லாம் படிக்கிறேன். இவற்றில் எது உண்மையான ஆபத்து, எது பயணிகளின் கதை என்று உள்ளூரில் இருப்பவர்கள் யாராவது சொல்ல முடியுமா? தங்குவது அறுகம்பையிலா, பாணமையிலா என்பதும் இன்னும் குழப்பமாகவே இருக்கிறது.

மறுமொழி 3: உல்லைக்காரன்

நீங்கள் அறுகம்பை என்று சொல்லும் ஊரை நாங்கள் உல்லை என்போம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடல்தொழில் செய்வது. என் வாப்பாவின் வள்ளம், இப்போது நீங்கள் எல்லோரும் மெயின் பாயின்ட் என்று பெயர் வைத்திருக்கும் முனைக்குப் பக்கத்தில்தான் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. 2004 டிசம்பர் 26 காலையோடு அதுவும் போயிற்று, வீடும் போயிற்று, பொத்துவிலுக்கும் எங்களுக்கும் நடுவில் களப்பின்மேல், அதாவது கடலோரக் காயலின்மேல், இருந்த பாலமும் சிதைந்தது. இப்போது நீங்கள் கடந்து வரப்போகும் பாலம் அதற்குப் பிறகு கட்டப்பட்டது.

முதலில் காற்று. மே மாதம் முதல் செப்டம்பர் வரை எங்களுக்குக் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவமழையை மலைநாட்டின் மறுபக்கத்தில் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி எங்கள் பக்கம் இறங்கும் காற்று அது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகத்தை நிமிர்த்தி வைக்கும்; சறுக்குபவர்கள் அதனால்தான் அந்த மாதங்களில் வருகிறார்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டால், அதாவது நவம்பரிலிருந்து, எங்கள் கடல் கலங்கிவிடும், மழையும் கொட்டும். அவர்கள் எல்லோரும் வெலிகமப் பக்கத்துத் தென்கரைக்குப் போய்விடுவார்கள். நிலக்கடலைக்கும் எங்கள் பேச்சில் கச்சான் என்றுதான் பெயர். ஆகவே பீனட் ஃபார்ம் என்பதைத் தமிழில் கச்சான் தோட்டம் என்று சொன்னால் காற்றின் தோட்டமா, கடலையின் தோட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. விடியலிலிருந்து பத்து, பத்தரை வரை கடல் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு கடற்காற்று கிளம்பி அலையைக் கலைத்துவிடும். செப்டம்பரிலும் இதே கணக்குத்தான்.

இனி விலங்குகள். யானை கதையல்ல. லகுகலையிலிருந்து குமண வரை அவற்றின் வழி. பாணமைக்கும் உகந்தைக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் எந்த இடத்திலும் குறுக்கே நிற்கலாம். இருட்டில் அந்தப் பாதையில் போகாதீர்கள். விடியல் அலையைப் பிடிக்க வேண்டும் என்று நான்கரை மணிக்கே உல்லையிலிருந்து கிளம்பச் சொல்லும் பயணிகள் இருக்கிறார்கள், பணத்துக்காக ஒப்புக்கொள்ளும் சாரதிகளும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புமே செய்வது தவறு. யானையைக் கண்டால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, இறங்காமல், ஒலி எழுப்பாமல் காத்திருங்கள். அது போகும்போதுதான் நீங்கள் போக முடியும்.

முதலையும் கதையல்ல. ஆனால் பயணிகள் அஞ்சுவது தவறான இடத்தில். அலையடிக்கும் கடலில் அது உங்களைத் தேடி வருவதில்லை. களப்பும் கடலும் சந்திக்கும் முகத்துவாரங்களில், கலங்கிய அசைவற்ற நீரில், கரைக்கு ஒரு முழத்துக்குள்ளேயே படுத்திருக்கும். 2017 செப்டம்பரில் எங்கள் ஊருக்குத் தெற்கே ஓர் இளம் பயணி களப்போரத்தில் முதலையால் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அவர் சறுக்கிக்கொண்டிருந்தபோது அல்ல, கரையோரத்து நீரில்தான் அது நடந்தது. பலகையின் மணலைக் கழுவ, கைகால் அலம்ப, நன்னீர் என்று களப்பில் இறங்காதீர்கள். இந்த ஒரு விதியை உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏனென்றால் கடலுக்கு அஞ்சுபவர்கள்தான் களப்பு நீரைப் பார்த்து அமைதியானது என்று நம்பி இறங்குகிறார்கள்.

தங்குவதற்குப் பாணமைதான். உல்லையில் விடுதிகள் ஏராளம், பலகை வாடகைக்கும் பழுதுபார்க்கவும் அங்கேதான் கடைகள். ஆகவே முதல் நாள் உல்லையில் தங்கி, பலகையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பாணமைக்குப் போங்கள். பாணமை சிங்களவரும் தமிழரும் நீண்ட காலமாகக் கலந்து வாழும் ஊர். பத்தினித் தெய்வ வழிபாடு அங்கே பெரிது. விடுதிகள் சிலவே, அவையும் எளிமையானவை. ஆனால் முதல் வெளிச்சம் வந்தபின் புறப்பட்டாலும் முக்கால் மணி நேரத்தில் உகந்தையில் இருக்கலாம் என்பது உல்லையில் கிடைக்காத வசதி. வழியில் குடும்பிகல பௌத்த மடத்தின் பாறைக் குன்று தெரியும். கோயிலுக்கும் கடற்கரைக்கும் போகும் வழி குமண தேசியப் பூங்காவின் வாயிலுக்கு முன்பே பிரிந்துவிடும். பறவைகளைப் பார்க்க உள்ளே போவதானால்தான் சீட்டு எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, கேட்காததைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரை அமைதியாக இருப்பதைப் பார்த்து, மனிதக் கால் படாத இடம் என்று சிலர் எழுதுகிறார்கள். குமணப் பூங்கா 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது போரினால். 2010-ல் பாணமைக்கு அருகே ராகம்வெல, சாஸ்திரவெல முதலிய இடங்களில் பயிர்செய்து வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன; அந்த நிலத்துக்காக அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். ஆகவே ஆளில்லாத கடற்கரையைப் பார்க்கும்போது அதை வெற்றிடம் என்று எண்ணிக்கொள்ளாமல், அங்கே கரைவலை இழுப்பவர்களைக் கண்டால் வலை வளைத்திருக்கும் எல்லைக்குள் பலகையோடு போகாமல் இருங்கள். வலை கரையேறும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை. அந்த வலைதான் அவர்களுக்கு அன்றைய சோறு.

திசைகாட்டி:

உல்லைக்காரர் எழுதியதைப் படித்தபின் என் மறுமொழியில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகஸ்டில் நானும் இருட்டில் புறப்பட்டவன்தான். சாரதி மறுப்புச் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. பாதி வழியில் ஒரு கொம்பன் இருபது நிமிடம் எங்களை அசையவிடாமல் நிறுத்தி வைத்ததை வீரக்கதையாக ஊரில் சொல்லித் திரிந்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டதற்குக் காரணம், இப்போது யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் வெட்கம்தான்.

பலகையைப் பற்றியும் ஒரு சொல். விமானத்தில் கொண்டு செல்லாதீர்கள். கட்டணத்துக்கும் உடையும் அபாயத்துக்கும் அது ஈடாகாது. எட்டு அடிக்குக் குறையாத பலகையாக உல்லையில் வாடகைக்கு எடுங்கள். லீஷ் எனப்படும் கணுக்கால் கயிற்றை எடுக்கும் இடத்திலேயே இழுத்துப் பாருங்கள். வாடகைப் பலகைகளில் முதலில் நைந்துபோவது அதுதான். பாறையுள்ள இடத்தில் கயிறு அறுந்தால் பலகையும் போகும், நீங்களும் பலகையில்லாமல் நீந்தி வர வேண்டியிருக்கும். உகந்தையில் தனியாக மட்டும் இறங்காதீர்கள். கடலில் வேறொருவரும் இல்லையென்றால் யாராவது வரும்வரை கரையில் அம்மாவோடு உட்கார்ந்திருங்கள்.

கோவளத்து மாணவன்:

எல்லோருக்கும் நன்றி. இப்படித் தீர்மானித்திருக்கிறோம்: செப்டம்பர் இரண்டாம் வாரம் கொழும்பு வழியாகச் சென்று, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலைப் பாதையில் பகலிலேயே பொத்துவில் சேர்வது, உல்லையில் மூன்று நாட்கள் தங்கி, பீனட் ஃபார்மிலும் விஸ்கி பாயின்டிலும் அந்த அலைக்குப் பழகிக்கொள்வது, அதன்பின் பாணமையில் மூன்று இரவுகள். திரும்பும்போது திருக்கோவில் வழியாக மட்டக்களப்பு சென்று, அங்கிருந்து ரயிலில் கொழும்பு.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். கல்லோடத்தைப் பார்த்துக் கும்பிட்டபின்தான் நான் கடலில் இறங்க வேண்டுமாம். காலைப் பூசை முடியும்வரை காத்திருந்தால் நல்ல அலை நேரம் போய்விடாதா என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் வழக்கு.

உல்லைக்காரன்:

வழக்குக்கு இடமில்லை. செப்டம்பரில் ஆறு மணிக்கெல்லாம் நன்றாக விடிந்துவிடும். ஆறேகாலுக்குப் பாணமையிலிருந்து கிளம்பினால் ஏழு மணிக்கு உகந்தை. கல்லோடம் கடற்கரையில்தானே இருக்கிறது. அதற்குப் பூசை நேரம் கிடையாது, வண்டியை விட்டு இறங்கியதும் அம்மாவோடு போய்க் கும்பிட்டுவிடுங்கள். திசைகாட்டி சொன்னபடி கால்மணி நேரம் கடலையும் பார்த்தாகிவிடும். ஏழரைக்கு நீங்கள் இறங்கினால் பத்தரைவரை மூன்று மணி நேரம் கிடைக்கிறது. அதற்குமேல் உங்கள் தோள்கள் தாங்காது. அந்த நேரத்தில் அம்மாவும் உங்கள் மனைவியும் வெயிலுக்கு முன்பே வள்ளி மலை ஏறி இறங்கி, கோயிலடி மரநிழலுக்கு வந்துவிடலாம். சாரதியை அனுப்பிவிடாமல் அங்கேயே நிற்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். காத்திருப்புக் கூலியையும் முதலிலேயே பேசி முடியுங்கள். பொதிகளை வண்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், குரங்குகள் விடமாட்டா.